அசையாத உடல், பேசத் துடிக்கும் மனம்: வாசகர் கேள்வி – பதில்

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு வாசகி: ‘தோழா’, ‘குஸாரிஷ்’, ‘தி டைவிங் பெல் அண்ட் த பட்டர்ஃபிளை’ மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் கதாநாயகனால் அசைய முடியாது. ஆனாலும் முதல் இரண்டும் ஒரு வகை, மூன்றாவது முற்றிலும் வேறு என்று படுகிறது. எது சிறந்த படம்?

உங்களுக்குப் பட்டது சரி. அடி எந்த இடத்தில் விழுந்தது என்பதுதான் வேறுபாடு.

‘தோழா’ (2016) நாகார்ஜுனாவுக்கும் ‘குஸாரிஷ்’ (2010) ஹிருத்திக் ரோஷனுக்கும் கழுத்து மட்டத்தில் முள்ளந்தண்டு வடம் சேதப்பட்டிருக்கிறது. ஸ்பானிய மொழியில் வந்த ‘மார் அதென்ட்ரோ’ (2004) படத்தின் நாயகன் ரமோன் சம்பேத்ரோவும் இதே வகை. உண்மையில் வாழ்ந்த அவர், 1968இல் கடலில் பாய்ந்தபோது கழுத்து முறிந்தவர். நாக்கையும் குரல்வளையையும் இயக்கும் நரம்புகள் கழுத்துக்கு மேலே, மூளைத்தண்டிலிருந்தே புறப்பட்டுவிடுகின்றன. ஆகவே கை கால் போனாலும் பேச்சுப் போகாது. ‘குஸாரிஷ்’ நாயகனுக்கு வானொலி நிகழ்ச்சியே தொழில். இந்தப் படங்களில் பேசுவதற்காக யாரும் போராடுவதில்லை. பேசிப் பேசியே வாதாடுகிறார்கள்: ‘தோழா’வில் நட்புக்காக, மற்ற இரண்டிலும் சாக விடும்படி.

மூன்றாவது படத்தின் நாயகன் ஜான் டொமினிக் போபி. பிரான்ஸின் ‘எல்’ சஞ்சிகையின் ஆசிரியர். 1995 டிசம்பர் 8ஆம் திகதி, 43 வயதில், மூளைத்தண்டில் பாரிசவாதம். மூளைத்தண்டின் நடுப்பகுதியின் முன்பக்கம் சேதமானால், மூளையிலிருந்து உடலுக்கு இறங்கும் கட்டளைப் பாதை முழுவதும் அறுந்துவிடும். கை, கால், முகம், நாக்கு ஒன்றும் அசையாது. கண்ணை இடம் வலமாகத் திருப்பும் பாதையும் அதே இடத்தில்தான் இருக்கிறது, அதுவும் போய்விடும். கண்ணை மேலும் கீழும் அசைப்பதும் இமையை உயர்த்துவதும் அதற்கு மேலேயுள்ள நடுமூளையின் வேலை. அது தப்பும். அறிவும் நினைவும் கேட்கும் திறனும் அப்படியே இருக்கும். 1966இல் பிளம், பொஸ்னர் என்ற இரு வைத்தியர்கள் இந்த நிலைக்கு இட்ட பெயர்தான் ‘லொக்ட் இன்’, உள்ளே பூட்டப்பட்ட நிலை. போபியின் வலக்கண் மூடாமல் காய்ந்து புண்ணாகும் ஆபத்து இருந்ததால் அதைத் தைத்துவிட்டார்கள். மிஞ்சியது இடக்கண் ஒன்றுதான். ஒருவர் எழுத்துகளை வரிசையாக வாசிக்க, வேண்டிய எழுத்து வரும்போது அந்தக் கண்ணை இமைத்தே அவர் நூல் எழுதினார்.

சிறந்தது எது என்றால், எம் கணக்கில் இதுவே. கண்ணீர் அதிகம் வருகிறது என்பதற்காகச் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதுகிறவரின் வேலையை இந்த அளவுக்குக் காட்டிய வேறு படம் எமக்குத் தெரியாது. படத்தின் முதற் பகுதியில் கமெரா போபியின் கண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. பேச்சுச் சிகிச்சையாளர் அட்டையைப் பிடித்துக்கொண்டு ‘ஈ, எஸ், ஏ, ஆர், ஐ, என், டி, யூ, எல்…’ என்று திரும்பத் திரும்ப வாசிப்பதை நாமும் அவர் இடத்திலிருந்து கேட்கிறோம். சலிப்பு வருகிறது. அந்தச் சலிப்பை வெட்டி எறியாமல் விட்டது இயக்குநர் ஜூலியன் ஷ்னாபெலின் துணிச்சல். 2007 கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது அவருக்குக் கிடைத்தது.

‘குஸாரிஷ்’ பற்றி ஒன்று: அந்த மாளிகையின் அழகு கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. நோயாளி பின்னால் நிற்கிறார்.

வவுனியா, உயர்தர மாணவர் ஒருவர்: உண்மைக் கதையை எடுத்த படங்கள் எவ்வளவு தூரம் மாற்றுகின்றன?

பெரும்பாலும் நேரத்தைத்தான் சுருக்குகின்றன. ‘மை லெஃப்ட் ஃபுட்’ (1989) படத்தில் மூளை முடக்குவாதமுள்ள சிறுவன் கிறிஸ்டி பிரவுன் இடக்கால் விரல்களில் சோக்கட்டியைப் பிடித்து, நிலத்தில் ‘அம்மா’ என்ற முழுச்சொல்லை எழுதுகிறான். வீடே துள்ளிக் குதிக்கிறது. உண்மையான பிரவுன் தன் நூலில் சொல்வதோ வேறு: 5 வயதில், மஞ்சள் சோக்கால், ‘ஏ’ என்ற ஒரேயொரு ஆங்கில எழுத்து. அதன் பிறகு மற்ற எழுத்துகளைத் தாய் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. மூளை முடக்குவாதமுள்ள பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்குப் பயன்படக்கூடியது அந்தப் பகுதிதான். படத்தில் அது தாவிப்போகிறது. டேனியல் டே லூயிஸின் நடிப்புக்குக் கிடைத்த ஆஸ்கர் பற்றி மறுபேச்சில்லை.

‘தி தியரி ஒஃப் எவ்ரிதிங்’ (2014) ஸ்டீவன் ஹோக்கிங்கின் கதை. தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் இயக்க நரம்பணு நோய் என்று 1963இல், 21 வயதில் கண்டறிந்தார்கள். 1985இல் நிமோனியா வந்து தொண்டையில் துளையிட்டபோது மிச்சமிருந்த குரலும் போனது. முதலில் எழுத்து அட்டை. சரியான எழுத்தை ஒருவர் தொட்டுக்காட்டும்போது புருவத்தை உயர்த்துவார். பிறகு கையால் அழுத்தும் விசையோடு கணினி. அப்போது நிமிடத்துக்கு 15 சொல் வரை வந்தது. கை முற்றாகப் போன பின்னர் கன்னத் தசையின் அசைவைப் பிடிக்கும் உணரி. வேகம் நிமிடத்துக்கு ஓரிரு சொல்லாக இறங்கியது. படம் கணினி வந்ததோடு மூச்சுவிடுகிறது. கீழே இறங்கிய பாதையைக் காட்டவில்லை. ஆனால் அட்டை முதன்முதல் வீட்டுக்கு வரும் காட்சியைத் தவறவிடாதீர்கள். மனைவி அட்டையைப் பிடிக்க, அவர் பதில் தராமல் இருக்கிறார். வீடுகளில் அடிக்கடி நடப்பது இது. விளங்கவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இனிக் குரல் வராது என்பதை அட்டை உறுதிப்படுத்திவிடுவதால் வரும் மறுப்பு அது. அன்றைக்கு மூடி வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து வேறொருவர் பிடித்துப் பார்க்கலாம்.

போபியின் படத்தில் ஒரு பெரிய மாற்றம் உண்டு. பிள்ளைகளின் தாயே அடிக்கடி வந்து பார்த்ததாகவும் காதலி வராததாகவும் காட்டுகிறார்கள். காதலி ஒழுங்காகப் போய்வந்தார் என்று போபிக்கு நெருக்கமானவர்கள் பின்னர் சொன்னார்கள். நூல் எழுதிய கணக்கு மட்டும் உண்மை: ஒரு சொல்லுக்குச் சராசரி 2 நிமிடம், மொத்தம் ஏறக்குறைய 2 இலட்சம் கண்ணிமைப்பு. விடியற்காலையில் பந்திகளை மனத்தில் எழுதித் திருத்திப் பாடமாக்கி வைத்திருப்பார். எழுத வருபவர் வந்ததும் ஒப்புவிப்பார். நூல் 1997 மார்ச்சில் வெளிவந்தது. சில நாளில் அவர் இறந்துவிட்டார்.

மல்லாவியிலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஏழு மாதம். பேச்சில்லை, கை கால் இல்லை, கண் மட்டும் எங்களைப் பார்க்கிறது. படத்தில் வருவதுபோல எழுத்து அட்டை செய்யலாமா? தமிழில் 247 எழுத்து இருக்கிறதே!

செய்யலாம். ஆனால் அட்டை வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை.

பாரிசவாதத்தில் பேச்சுப் போவது ஒரே மாதிரி அல்ல. போபிக்கு வாய் போனது, மொழி இருந்தது. மூளையின் இடப்பக்கம் தாக்கப்பட்டவர் பலருக்கு மொழியே குழம்பும். எழுத்தும் அதோடு போகும். அவர்களிடம் எழுத்து அட்டையை நீட்டினால் இருவருக்கும் மனம் வெறுத்துப்போகும். அவர்களுக்குப் படங்களும் உண்மைப் பொருட்களும்தான் உதவும். திரைப்படங்கள் இந்த இரண்டாவது கூட்டத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. வன்னியில் பாரிசவாதம் வந்த வீடுகளில் அதிகம் காணக்கூடியது இதுதான்.

சோதனை இப்படி. ‘ஓம்’ என்றால் கண்ணை மேலே உயர்த்தச் சொல்லுங்கள், ‘இல்லை’ என்றால் கீழே. போபி ஒருமுறை இமைத்தால் ஓம், இருமுறை இமைத்தால் இல்லை. வீட்டில் அது சரிவராது: எல்லோரும் தன்னையறியாமலே இமைக்கிறோம், அவர் இமைத்தது பதிலா பழக்கமா என்று தெரியாது. பிறகு விடை உங்களுக்கும் அவருக்கும் தெரிந்த 10 கேள்வி கேளுங்கள். ஐந்துக்கு விடை ஓம், ஐந்துக்கு இல்லை. கலந்து கேட்க வேண்டும். ‘உங்கட ஊர் மல்லாவியோ?’ ‘இண்டைக்கு மழை பெய்யுதோ?’ குருட்டுத்தனமாகப் பதில் சொன்னாலே ஐந்து சரியாகிவிடும். 9 அல்லது 10 சரியென்றால் நம்பலாம். தற்செயலாக அப்படி அமைவது நூற்றில் ஒரு தடவைதான். குறைந்தால் மறுநாள் காலையில், உறங்கி எழுந்தபின் இன்னொருமுறை.

கேள்வி கேட்பதில் இரண்டு பிழை எல்லா வீட்டிலும் நடக்கும். ஒன்று, ‘தண்ணி வேணுமோ, தேத்தண்ணி வேணுமோ?’ இதற்குக் கண்ணால் எந்தப் பதிலைச் சொல்வது? மற்றது, ‘குளிரேல்லையோ?’ இதற்கு ‘ஓம்’ என்றால் குளிர்கிறதா, குளிரவில்லையா? ஒரு கேள்விக்குள் ஒரு விடயம். எதிர்மறையில் கேட்கக் கூடாது.

இப்போது அட்டை. 247ஐக் கண்டு பயப்பட வேண்டாம். எழுதிப் பிழைதிருத்தப் போவதில்லை, காதால் கேட்டு ஊகிக்கப் போகிறீர்கள். குறில் நெடிலை ஒன்றாக்குங்கள், ஔ என்ற எழுத்தை விடுங்கள். ங, ஞ, ண, ந, ன ஐந்துக்கும் ஒரே கட்டம். ல, ழ, ளவுக்கு ஒன்று, ர, றவுக்கு ஒன்று. 17 கட்டம்தான் மிஞ்சும். மூன்று வரிசையாக எழுதுங்கள்:

முதலாம் வரி: அ இ உ எ ஒ ஐ
இரண்டாம் வரி: க த ப ம ந வ ச
மூன்றாம் வரி: ர ல ட ய

மூன்றாம் வரியைப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. ர, ல, ட ஆகியவற்றில் தமிழ்ச் சொல் தொடங்காது; ‘யார்’ என்பதை நாம் ‘ஆர்’ என்கிறோம். எனவே சொல்லின் முதலெழுத்துக்கு முதல் இரண்டு வரிகளையும் கேட்டால் பெரும்பாலும் போதும். ரொட்டி, லைற், டொக்டர், யாழ்ப்பாணம் போன்றவைதான் விலக்கு. இரண்டு வரிக்கும் ‘இல்லை’ வந்தால் மூன்றாம் வரிக்குப் போங்கள்.

வாசிக்கும் முறை: ‘முதலாம் வரி?’ ‘இரண்டாம் வரி?’ என்று கேட்டு, ஒவ்வொன்றுக்குப் பின்னும் 3 விநாடி நிறுத்துங்கள். கண் மேலே போனதும் அந்த வரியின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ‘நோகுது’ என்று சொல்ல அவருக்கு ந, ஒ, க மூன்றும் போதும். எண்ணிப் பார்த்தால் 7, 6, 3 ஆக 16 கேள்வி, 48 விநாடி. அ, ஆ, இ என்று அரிச்சுவடி ஒழுங்கில் ஆய்தத்தையும் சேர்த்து 31 எழுத்தையும் வாசித்திருந்தால் இதே சொல்லுக்கு 46 கேள்வி வந்திருக்கும். ஓரிரு வாரம் அவர் சொன்ன சொற்களைக் கொப்பியில் எழுதிவந்து, அதிகம் வரும் எழுத்தை அந்தந்த வரியின் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். பிரெஞ்சில் ‘ஈ, எஸ், ஏ’ முன்னால் நிற்பதும் இதே கணக்கில்தான்.

எழுதும் ஒழுங்கில் சொல்ல வேண்டாம் என்று அப்பாவுக்கு முதலே விளக்குங்கள். ‘கொ’ என்றால் எழுதிப் பழகிய கைக்குக் கொம்புதான் முதலில் வரும். இங்கே ஒலிக்கும் ஒழுங்கு: முதலில் க, பிறகு ஒ.

ஏ3 அளவு வெள்ளை பிரிஸ்டல் மட்டை, கறுப்பு மாக்கர், 4 சென்ரிமீற்றர் உயரத்தில் எழுத்து. லமினேற் செய்யாதீர்கள், யன்னல் வெளிச்சம் பட்டு மினுங்கும். கட்டிலின் தலைப்பக்கத்தை 30 பாகை உயர்த்தி, மட்டையைக் கண்ணிலிருந்து அரை மீற்றரில், கண்மட்டத்தில் பிடியுங்கள். முன்பு கண்ணாடி போட்டவரா? ஏழு மாதமாக அது அலுமாரிக்குள் கிடக்கலாம். எடுத்துத் துடைத்துப் போட்டுவிடுங்கள். இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றால் ஒரு கண்ணைத் துணியால் மூடிப் பார்க்கலாம். கண் மேல் கீழாக மட்டும் அசைகிறவர் மட்டையைப் பார்க்கவே தேவையில்லை, நீங்கள் வாசிக்க அவர் காதால் கேட்டால் போதும்.

எழுத்துகளுக்கு மேலே, தனி வரியாக, அவசரச் சொற்கள்: நோ, சளி, திருப்பு, சூடு, யூரின், தண்ணி. கடைசிச் சொல்லில் கவனம். விழுங்கும் தசைகளும் பழுதாகியிருந்தால் ஒரு மிடறு தண்ணீர் சுவாசப்பைக்குள் போய் நிமோனியாவைக் கொண்டுவரும். வைத்தியசாலையில் விழுங்குதலைச் சோதித்து ‘வாயால் கொடுக்கலாம்’ என்று சொல்லும்வரை, ‘தண்ணி’ என்று அவர் கேட்டால் ஈரப்பஞ்சால் உதட்டையும் நாக்கையும் நனைத்துவிடுவதோடு நில்லுங்கள்.

ஒரு தடவைக்கு 15 நிமிடம். கண் தளர்ந்தால் பதில்கள் பிழைக்கத் தொடங்கும், பிழைத்தால் நிறுத்துங்கள். ஊகிக்கலாம், ஆனால் ஊகித்த சொல்லைச் சொல்லி ‘சரியோ?’ என்று கேட்டு, கண் மேலே போனபின்தான் அடுத்த சொல். ஊகத்தையே அவருடைய பேச்சாக எடுத்துக்கொண்டு நீங்களே ஓடிவிடுவது எல்லாவற்றிலும் பெரிய பிழை.

மாங்குளத்திலிருந்து ஒருவர்: ‘ஜொனி கொட் ஹிஸ் கன்’ படத்தை எங்கள் பகுதியில் போட்டுக் காட்டலாமா? போரில் காயப்பட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பொதுவாகப் போட வேண்டாம். 1971இல் டால்டன் ட்ரம்போ தன் சொந்த நாவலையே இயக்கிய படம். முதல் உலகப் போரில் செல் விழுந்து கை, கால், கண், காது, வாய் அனைத்தையும் இழந்த இளைஞன். நிகழ்காலம் கறுப்பு வெள்ளையில், நினைவும் கனவும் நிறத்தில். தலையைத் தலையணையில் அடித்து மோர்ஸ் தந்திக் குறியில் பேச முயல்கிறான். சுற்றியிருப்பவர்கள் அதை வலிப்பு என்று நினைத்து மருந்து ஏற்றுகிறார்கள். ஒரு தாதி அவன் நெஞ்சில் விரலால் எழுத்து எழுத்தாகக் கிறிஸ்மஸ் வாழ்த்து எழுத, அவன் அதைப் படித்துவிடும் காட்சி, தொடுதலால் பேசுவதைப் பற்றி எடுக்கப்பட்டவற்றுள் மிகச் சிறந்தது. ஆனால் அவன் கேட்டது எதுவும் அவனுக்குக் கிடைப்பதில்லை. படம் அந்த இருட்டிலேயே முடிகிறது. 2009இன் இறுதிப் போரைக் கடந்துவந்தவர்களை முன்னறிவிப்பில்லாமல் அதற்குள் உட்கார வைப்பது நியாயமில்லை. தாதியர் மாணவருக்கோ பராமரிப்பாளர் பயிற்சிக்கோ அந்த ஒரு காட்சியை மட்டும் எடுத்துக் காட்டலாம்.

கிளிநொச்சி, சனசமூக நிலையம் ஒன்றின் செயலாளர்: சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் மாதம் ஒரு படம் போட நினைக்கிறோம். எதை முதலில் போடுவது? என்னென்ன ஆயத்தம் வேண்டும்?

முதல் மாதம் ‘தோழா’. தமிழ், சிரிப்பு, கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவரின் நாளாந்தம். இரண்டாம் மாதம் ராமின் ‘பேரன்பு’ (2019): மூளை முடக்குவாதமுள்ள மகளைப் புரிந்துகொள்ளத் தெரியாத தகப்பன் மெல்ல மெல்லப் பழகும் முற்பகுதிக்காகவே போடலாம். பிற்பகுதி வளரிளம் பருவத்து மகளின் உடல் தேவைகளைப் பேசுகிறது, சிறுவர்களை அழைக்காதீர்கள். மூன்றாவதாக ‘டைவிங் பெல்’, 112 நிமிடம். பிரெஞ்சுப் படம், ஆங்கிலத் துணைவரி. ஒருவர் முதலே இரண்டு தடவை பார்த்து வசனங்களைத் தமிழில் எழுதிவைத்து, மைக்கில் தாழ்ந்த குரலில் வாசிக்க வேண்டும். எழுத்துகளை அடுக்கும் இடங்களில் மட்டும் வாசிப்பவர் பேசாதிருக்கட்டும்; அந்தத் தாளம் காதில் விழ வேண்டும்.

மண்டபம்: வாசலில் 15 சென்ரிமீற்றர் படி ஒன்று இருந்தால் சாய்தளம் 180 சென்ரிமீற்றர் நீளம் வேண்டும், அதாவது ஒன்றுக்குப் பன்னிரண்டு. இரண்டு பலகையைச் சரித்து வைத்து ஆளைத் தள்ளுவதில் சில்லு விலகும். கதிரைகளுக்கு இடையில் 90 சென்ரிமீற்றர் வழி. சக்கர நாற்காலிகளை எல்லாம் ஒரே மூலையில் ஒதுக்காமல், வரிசைகளுக்குள்ளேயே இரண்டிரண்டு கதிரையை எடுத்து இடம் விட்டால் குடும்பத்தோடு இருப்பார்கள்.

40 நிமிடத்துக்கு ஒரு இடைவேளை கட்டாயம்: யூரின் பை வெறுமையாக்க, தண்ணீர் குடிக்க. படுக்கைப்புண் வராமலிருக்க, நாற்காலியில் கையூன்றி உடலைத் தூக்குவதோ முன்னுக்குச் சரிவதோ படம் ஓடும்போதே 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டும். விளக்கை அணைத்துவிட்டால் எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஒருவரை அதற்கென்று நியமியுங்கள்.

பகலில் போடாதீர்கள். நெஞ்சு மட்டத்துக்கு மேலே முள்ளந்தண்டு வடம் பாதித்தவருக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது, உடல் சூடு ஏறிக்கொண்டே போகும். தகரக் கூரைக்குக் கீழே பங்குனி, சித்திரை வெயிலில் அது பேராபத்து. ஈரத் துவாயும் மின்விசிறியும் வையுங்கள். இந்த வகையினரில் ஒருவருக்குத் திடீரெனத் தலை வெடிப்பதுபோல் வலித்து, முகம் சிவந்து வியர்த்தால், படத்தின் சோகம் என்று நினைக்க வேண்டாம். இரத்த அழுத்தம் சடுதியாக ஏறுகிறது. சாய்க்காமல் நேரே இருத்துங்கள், இறுக்கமான உடுப்பைத் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாய் மடிந்தோ அடைத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அதுதான். சில நிமிடத்தில் குறையாவிட்டால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தம்பி: ஹோக்கிங்கிடம் இருந்ததுபோன்ற கருவி அம்மாவுக்கு வாங்க வெளிநாட்டு உறவினர் காசு அனுப்பத் தயார். வாங்கலாமா?

முதலில் கையிலுள்ள அன்ட்ரொயிட் போனைப் பயன்படுத்திப் பாருங்கள். அதன் அணுகல் அமைப்புகளுக்குள் ‘சுவிட்ச் அக்சஸ்’ என்ற வசதி உண்டு. திரையிலுள்ளவற்றை ஒவ்வொன்றாக அதுவே காட்டிச் செல்லும். வேண்டியது வரும்போது ஒரு விசையை அழுத்தினால் போதும். ஒரு விரலோ தாடையோ அசைந்தால் புளூடூத் பொத்தான் ஒன்றை அதற்கு இணைக்கலாம். அன்ட்ரொயிட் 12இலிருந்து முன் கமெராவே புருவம் உயர்த்துவதையும் மேலே பார்ப்பதையும் விசையாக எடுத்துக்கொள்ளும். எழுதியதைத் தமிழில் வாசிக்கும் குரலும் கூகுளில் இருக்கிறது.

கண்ணைப் பின்தொடரும் விலைகூடிய கருவியை வாங்குவதானால், அம்மாவின் கண் இடம் வலமாகவும் போகிறதா என்று முதலில் பாருங்கள். இயக்க நரம்பணு நோயில் பெரும்பாலும் போகும், கருவி நன்றாக வேலை செய்யும். மூளைத்தண்டுப் பாரிசவாதத்தில் மேல் கீழ் மட்டும் என்றால் அந்தப் பணத்தில் பாதி வீண்.

போனை வளையும் தாங்கியில், முகத்துக்கு நேரே 35 சென்ரிமீற்றரில் பொருத்துங்கள். கையால் பிடித்தால் நடுங்கும், கமெராவுக்கு முகம் பிடிபடாது. யன்னல் அம்மாவின் பின்னால் இருக்கக் கூடாது. திரை தானாக அணையும் நேரத்தை 10 நிமிடத்துக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஒரு சொல் முடியுமுன் திரை இருண்டுவிடும்.